மோட்டார்ப் பந்தயங்களில் பெண் தன்னார்வலர்கள்

மோட்டார்ப் பந்தயங்களில் பெண் தன்னார்வலர்கள் எனப்படுவோர் கார், மோட்டார் சைக்கிள் முதலிய ஊர்திகளின் பந்தயங்களில் வண்டி ஓட்டாமலும் ஊதியம் பெறாமலும் பந்தயத்தை நடத்தித் தரும் பணிகளில் ஈடுபடும் பெண்கள் ஆவர். கொடி காட்டுதல், சுற்றுகளை எண்ணுதல், நேரம் குறித்தல், வண்டிகளைச் சோதித்தல், தீயணைத்தல், விபத்தில் சிக்கியவர்களை மீட்டல், போட்டியாளர்களைப் பதிவு செய்தல் ஆகியன இப்பணிகளுள் முதன்மையானவை. உலகின் பெரும்பாலான நாடுகளில் உள்ளூர் மோட்டார்ப் பந்தயங்கள் இத்தகைய தன்னார்வலர்களைக் கொண்டே நடைபெறுகின்றன.

ஓட்டுநர் இருக்கையும் வண்டி நிறுத்தும் பகுதியும் பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தன. அக்காலத்திலும் எண்ணுதல், நேரம் குறித்தல் ஆகிய பணிகளின் வழியாகப் பெண்கள் இவ்விளையாட்டில் இடம்பெற்றனர். வெற்றி யாருடையது என்பதைத் தீர்மானிப்பதும், விபத்தில் சிக்கியவர் பிழைப்பாரா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பதும் இப்பணிகளே ஆகும்.

பெயர்

பந்தயத்தடத்தின் ஓரத்தில் பணியாற்றுவோரைப் பொதுவாக மார்ஷல் என்று அழைப்பர். தமிழில் தடப் பணியாளர் எனலாம். ஐக்கிய அமெரிக்காவில் இவர்கள் பெரும்பாலும் தடத்தின் திருப்பங்களில் நிற்பதால் திருப்பப் பணியாளர் எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகின்றனர். நேரம் குறிப்போர், வண்டிச் சோதகர், தொடக்குநர், நடுவர் முதலியோர் அலுவலர் எனப்படுவர். உலகத் தானுந்துக் கூட்டமைப்பின் பன்னாட்டு விளையாட்டு விதித்தொகுப்பு, பந்தய அலுவலர்களை அவர்தம் பணிகளுக்கேற்ப வகைப்படுத்தியுள்ளது.

ஸ்டாக் கார் பந்தயமும் உள்ளூர்க் கழகங்களும்

ஸ்டாக் கார் என்பது பந்தயத்துக்கென்றே தனியாக உருவாக்கப்படாமல், கடையில் விற்கப்படும் காரை அடிப்படையாகக் கொண்ட பந்தய வண்டி ஆகும். காலப்போக்கில் இவ்வண்டிகள் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டபோதிலும் பெயர் நிலைத்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்தும் நாஸ்கார் அமைப்பு 1948-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நிறுவப்பட்டது. பிரித்தானியாவில் முதல் ஸ்டாக் கார் பந்தயம் 1954-ஆம் ஆண்டு லண்டன் நியூ கிராஸ் அரங்கில் நடைபெற்றது. பிரித்தானிய வகையில் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளுவதும் விளையாட்டின் பகுதியாகும்.

உள்ளூர்ப் பந்தயங்கள் பெரும்பாலும் நீள்வட்ட வடிவிலான சிறிய தடங்களில் வார இறுதிகளில் நடைபெறும். ஒரு குடும்பத்தில் ஒருவர் வண்டி ஓட்ட, ஏனையோர் வண்டியைப் பழுது பார்ப்பதும், நுழைவுச்சீட்டு விற்பதும், சுற்றுகளை எண்ணுவதும் இப்பந்தயங்களில் இயல்பு. நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் சிறியவை. எல்லாப் பணிகளுக்கும் ஊதியம் கொடுக்க வேண்டுமெனில் பெரும்பாலான உள்ளூர்த் தடங்களை நடத்த இயலாது. எனவே தன்னார்வலர் என்போர் இங்கு கூடுதல் உதவியாளர் அல்லர். அவர்கள் வராத நாளில் பந்தயம் தொடங்காது.

பணிகள்

கொடி காட்டுதல்

ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து பேரிரைச்சலுக்கு நடுவே ஓட்டுவதால் தடத்தின் ஓரத்திலிருந்து அவருக்குக் குரல் கொடுக்க இயலாது. ஆகையால் செய்திகள் கொடிகளால் அறிவிக்கப்படுகின்றன. தற்காலத்தில் பெரிய தடங்களில் ஒளிப்பலகைகளும் பயன்படுத்தப்படுகின்றன. முதன்மையான கொடிகள் வருமாறு:

• மஞ்சள்: முன்னே ஆபத்து உள்ளது, வேகத்தைக் குறைக்கவேண்டும், முந்தக்கூடாது. இரு மஞ்சள் கொடிகள் அசைக்கப்பட்டால் தடம் முழுவதுமாகவோ பகுதியாகவோ அடைபட்டிருக்கலாம், பணியாளர்கள் தடத்தில் இருக்கலாம். நிறுத்தவும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.
• பச்சை: ஆபத்துப் பகுதி முடிந்தது, தடம் தடையின்றி உள்ளது.
• சிவப்பு: பந்தயம் நிறுத்தப்பட்டது.
• நீலம்: வேகமான வண்டி பின்னால் வந்து முந்தவிருக்கிறது.
• மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தடத்தில் எண்ணெய் அல்லது நீர் உள்ளதால் வழுக்கும்.
• வெள்ளை: மெதுவாகச் செல்லும் வண்டி தடத்தில் உள்ளது. அமெரிக்க நீள்வட்டத் தடங்களில் இதே கொடி இறுதிச் சுற்றைக் குறிக்கும்.
• கறுப்பு: குறிப்பிட்ட எண்ணுடைய வண்டி தடத்தை விட்டு உள்ளே வரவேண்டும்.
• கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்: பந்தயம் முடிந்தது.

ஒரு கொடி நிலையில் இருவர் நிற்பின் பொதுவாக ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நிற்பர். நீலக் கொடியாளர் வரும் வண்டிகளைப் பார்த்திருப்பார். மஞ்சள் கொடியாளர் வண்டிகள் செல்லும் திசையில் தமது பொறுப்பிலுள்ள தடப் பகுதியைப் பார்த்திருப்பார். தம் பின்னால் வருவதை இவர் காணமாட்டார் என்பதால், இவருடைய உயிர் மற்றவரின் கண்ணை நம்பியுள்ளது. வரும் வண்டிகளுக்குத் தனியாக முதுகு காட்டி நிற்கக்கூடாது என்பது தடப் பணியாளர் முதலில் கற்கும் விதிகளுள் ஒன்றாகும்.

தடத்தில் எதிர்பாராமல் நுழைபவற்றைக் கவனிப்பதும் இவர்களின் கடமை. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று நொய்டாவுக்கு அருகிலுள்ள புத்தா பன்னாட்டுத் தடத்தில் இந்தியாவின் முதல் பார்முலா 1 பந்தயத்துக்கான முதல் பயிற்சியின்போது தெருநாய் ஒன்று தடத்துக்குள் புகுந்தமையால் பயிற்சி சிறிது நேரம் தடைப்பட்டது.

தீயணைத்தலும் மீட்பும்

விபத்து நிகழ்ந்த இடத்தை முதலில் அடைபவர் மருத்துவர் அல்லர். அருகிலுள்ள தடப் பணியாளரே ஆவார். எரிபொருள் தீயின் மீது உலர்தூள் அல்லது நுரை செலுத்தி, காற்றுடனான தொடர்பைத் துண்டித்து அணைப்பது வழக்கம். ஓட்டுநர் தாமாக வெளியேற இயலாத நிலையில், கழுத்து அல்லது முதுகெலும்பு காயமுற்றிருக்கலாம் என்பதால், உடனடித் தீ அபாயம் இல்லையெனில் மருத்துவக் குழு வரும்வரை அவரை அசைக்கக்கூடாது. எப்போது இழுக்கவேண்டும், எப்போது தொடாமல் காத்திருக்கவேண்டும் என்பதை அறிவதே இப்பயிற்சியின் கடினமான பகுதியாகும்.

தடப் பணியாளர்கள் பருத்தி ஆடை அல்லது தீத்தடுப்பு ஆடை அணிய அறிவுறுத்தப்படுகின்றனர். செயற்கை இழை ஆடை வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கொடி என ஓட்டுநர் தவறாக எண்ணக்கூடும் என்பதால் சிவப்பு, மஞ்சள் நிற மேலாடைகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

வண்டிச் சோதனை

பந்தயத்துக்கு முன்னர் ஒவ்வொரு வண்டியின் நிறுத்துகருவி, இருக்கைப் பட்டை, பாதுகாப்புக் கூண்டு, எரிபொருள் தொட்டி, தீயணைப்பான், ஓட்டுநரின் தலைக்கவசம் ஆகியன சோதிக்கப்படும். பந்தயத்துக்குப் பின்னர் வென்ற வண்டிகளின் எடையும் பொறியும் விதிகளுக்கு உட்பட்டவையா என்று பார்க்கப்படும். வென்றவரின் வெற்றியைச் சோதகரின் அறிக்கையால் நீக்கவும் இயலும் என்பதால், எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த உள்ளூர்க் கழகத்தில் இது உறவுகளைச் சோதிக்கும் பணியும் ஆகும்.

எண்ணுதலும் நேரம் குறித்தலும்

மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன்னர் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண்ணுநர் இருந்தார். தமக்குரிய வண்டி கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய கடிகாரத்தில் உள்ள நேரத்தை அட்டையில் எழுதவேண்டும். பந்தயம் முடிந்ததும் எல்லா அட்டைகளும் ஒப்பிடப்பட்டு வரிசை முடிவு செய்யப்படும். சிறிய தடத்தில் பல வண்டிகள் ஒரே நேரத்தில் கடந்து செல்லும்போது ஒரு நொடி கவனம் தவறினால் ஒரு சுற்று விடுபடும். விடுபட்ட ஒரு சுற்று வெற்றியையே மாற்றிவிடும்.

இதன் அருமையை 1959-ஆம் ஆண்டு பெப்ரவரி 22 அன்று நடைபெற்ற முதலாவது டேடோனா 500 பந்தயம் காட்டியது. லீ பெட்டி, ஜானி பியூசாம்ப் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகக் கோட்டைக் கடந்தனர். ஒரு சுற்று பின்தங்கியிருந்த மூன்றாவது வண்டியொன்றும் அவர்களுடன் இணையாகச் சென்றது. முதலில் பியூசாம்ப் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஒளிப்படங்களையும் செய்திப்படத்தையும் ஆராய்ந்த பின்னர், 61 மணி நேரம் கழித்து, லீ பெட்டி வெற்றியாளர் என முடிவு செய்யப்பட்டது.

வரலாறு

1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் தடத்தில் 1908-ஆம் ஆண்டு பெண்களுக்கென ஒரு பந்தயம் நடத்தப்பட்டது. அதில் வென்ற மியூரியல் தாம்சன், முதல் உலகப் போரின்போது பெண்களின் தன்னார்வ முதலுதவிப் படையில் சேர்ந்து மருத்துவ ஊர்தி ஓட்டினார்; 1918-இல் வீரத்துக்கான படைத்துறைப் பதக்கம் பெற்றார். பந்தயத்தில் பெற்ற திறன் தன்னார்வப் பணிக்குப் பயன்பட்டமைக்கு இவர் ஒரு முற்கால எடுத்துக்காட்டு. ஆயினும் 1908-க்குப் பின்னர் அத்தடத்தில் பெண்கள் போட்டியிடுவதற்கு நெடுங்காலம் தடை இருந்தது.

நாஸ்கார் அமைப்பின் கணக்குகளையும் நுழைவுச்சீட்டு விற்பனையையும் தொடக்க காலத்தில் கவனித்தவர், அதன் நிறுவனர் பில் பிரான்சின் மனைவி ஆன் பிளெட்சோ பிரான்ஸ் ஆவார். செவிலியர் பயிற்சி பெற்ற இவர் அமைப்பின் செயலாளராகவும் பொருளாளராகவும் பணியாற்றினார். 1992-இல் காலமாகும் வரை இப்பந்தயத் தொழிலுடன் தொடர்பு கொண்டிருந்தார். இவர் தன்னார்வலர் அல்லர், குடும்ப நிறுவனத்தின் பங்காளர். எனினும் ஓட்டுநரின் பெயர் மட்டுமே செய்தியாகும் விளையாட்டில் ஏட்டையும் பணப்பெட்டியையும் காத்து விளையாட்டை நிலைநிறுத்திய பெண்களுள் மிகவும் அறியப்பட்டவர் இவரே.

அதே காலத்தில் பெண்கள் ஓட்டுநர்களாகவும் இருந்தனர். 1949-ஆம் ஆண்டு சூன் 19 அன்று சார்லட் நகரில் நடந்த நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பிரிவுப் பந்தயத்தில் சாரா கிறிஸ்டியன் கலந்துகொண்டார். அடுத்த மாதம் டேடோனா கடற்கரைப் பந்தயத்தில் இவருடன் எத்தல் மோப்ளி, லூயீஸ் சிமித் ஆகியோரும் ஓட்டினர். எனினும் இந்நிலை வளரவில்லை. இண்டியானாபொலிஸ் தடத்தில் வண்டி நிறுத்தும் பகுதிக்குள் நுழையவே 1971 வரை பெண்களுக்கு அனுமதி இல்லை. 1977-ஆம் ஆண்டு ஜேனட் கத்ரி டேடோனா 500, இண்டியானாபொலிஸ் 500 ஆகிய இரண்டிலும் போட்டியிட்ட முதல் பெண்ணானார்.

இந்த இடைக்காலத்தில் ஓட்டுநர்களின் மனைவியரும் தாயாரும் சகோதரியரும் பல தடங்களில் எண்ணுநர்களாக இருந்தனர். ஐரோப்பாவிலும் இவ்வாறே இருந்தது. பார்முலா 1 ஓட்டுநர்களான ஜாக்கி ஸ்டூவர்ட்டின் மனைவி ஹெலன், யோகன் ரின்டின் மனைவி நீனா ஆகியோர் நிறுத்தற்கடிகாரத்துடன் சுற்று நேரங்களைக் குறிக்கும் ஒளிப்படங்கள் பரவலாக அறியப்பட்டவை.

பிரித்தானியத் தடப் பணியாளர்களுக்கான கழகம் 1957-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1944-இல் நிறுவப்பட்ட அமெரிக்க விளையாட்டுக் கார் கழகத்தின் பந்தயங்களும் தன்னார்வலர்களாலேயே நடத்தப்படுகின்றன. உலகத் தானுந்துக் கூட்டமைப்பு 2009-ஆம் ஆண்டு மோட்டார் விளையாட்டில் பெண்களுக்கான ஆணையத்தை அமைத்தது. முன்னாள் ராலி வீராங்கனை மிசேல் மூத்தோன் இதன் முதல் தலைவரானார். ஓட்டுநர்கள் மட்டுமன்றி அலுவலர்கள், பொறியாளர்கள், தன்னார்வலர்கள் ஆகியோரும் இவ்வாணையத்தின் கவனத்துக்கு உட்பட்டவர்கள்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் மோட்டார்ப் பந்தய வரலாறு பெருமளவுக்கு ஒரு தன்னார்வக் கழகத்தின் வரலாறே ஆகும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால வானூர்தி ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ஆம் ஆண்டு உருவான சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் இவ்வோடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. வைக்கோல் கட்டுகளும் பீப்பாய்களும் தடுப்புகளாக வைக்கப்பட்ட இத்தகைய ஓடுதளத் தடங்களில், பார்வையாளரைத் தடத்திலிருந்து விலக்கி நிறுத்துவதே தன்னார்வலர்களின் பெரும்பணியாக இருந்தது. உள்நாட்டில் தயாரான அம்பாசடர், பியட், ஹெரால்டு கார்கள் மாற்றியமைக்கப்பட்டு ஓட்டப்பட்டன. ஸ்டாக் கார் என்னும் பெயர் இங்கு வழங்காவிடினும், வீட்டுக் காரைப் பந்தயக் காராக்கும் அதே வழக்கம் இந்த சலூன் கார் பந்தயங்களில் காணப்பட்டது.

பின்னர் இக்கழகம் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் பெற்று 3.7 கி.மீ. நீளமுள்ள தடத்தை அமைத்தது. இத்தடம் 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இலாப நோக்கற்ற ஒரு கழகம் தானே தடத்தை உருவாக்கி நடத்துவது இந்தியாவில் அரிது. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள, பந்தய வீரரும் வண்டி வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதனின் பெயர் தாங்கிய 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே மாநிலத்தின் மற்றொரு முதன்மைத் தடமாகும்.

இந்தியாவில் பந்தயங்களுக்கு ஒப்புதல் அளிப்பதும் அலுவலர்களுக்கு உரிமம் வழங்குவதும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பின் பொறுப்பாகும். தடப் பணியில் சேர விரும்புவோர் நடத்தும் கழகத்தின் பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டு, அனுபவமுள்ளவரின் கீழ் சில பந்தயங்களில் நிற்பது வழக்கம். உணவு, குடிநீர், மேலாடை போன்றவை வழங்கப்படலாம். பயணச் செலவு பெரும்பாலும் சொந்தப் பொறுப்பு.

ஓட்டுநர்களாகப் புகழ்பெற்ற இந்தியப் பெண்கள் உள்ளனர். சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் போட்டியிட்டவர். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ஆம் ஆண்டு பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் வென்றார். இவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. ஆயினும் அதே தடங்களில் கொடியுடன் நின்ற பெண்களைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவாகவே உள்ளன.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. நீளமான சாலைத் தடத்தில் இரவுப் பந்தயம் நடைபெற்றது. முதல் நாளில் மழையாலும், தடத்துக்கான உலகக் கூட்டமைப்பின் சான்று கிடைப்பதில் ஏற்பட்ட தாமதத்தாலும் நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. தடுப்புகளும் பணியாளர் நிலைகளும் ஒழுங்காக அமையும்வரை எவ்வளவு பெரிய நிகழ்ச்சியும் காத்திருந்தே ஆகவேண்டும் என்பதை இது பொதுமக்களுக்குக் காட்டியது.

இலங்கையில்

இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1930-களில் தொடங்கிய பழமை உடையது. தியத்தலாவையில் படைத்துறைக் கல்லூரி நடத்தும் பொக்ஸ் ஹில் பந்தயம் பெருந்திரளான மக்களை ஈர்ப்பது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று அப்பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தனர். இறந்தோரில் பார்வையாளர்களுடன் பந்தய உதவியாளர்களும் இருந்தனர்.

விருதுநகர் மாவட்டமும் தென்மாவட்டப் பந்தயங்களும்

விருதுநகர் மாவட்டத்தில் நிரந்தர மோட்டார்ப் பந்தயத்தடம் இல்லை. விருதுநகரிலிருந்து கோயம்புத்தூர்த் தடம் ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவிலும், இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவிலும் உள்ளன. ஆகவே இம்மாவட்டத்திலிருந்து தடப் பணிக்குச் செல்லும் ஒருவர் வார இறுதியின் பெரும்பகுதியைப் பயணத்திலேயே செலவிட வேண்டியுள்ளது. பெண்களுக்கு இரவுப் பயணம், தங்குமிடம் ஆகியனவும் கருதவேண்டியவை.

இப்பகுதியின் சொந்தப் பந்தயம் மாட்டுவண்டிப் பந்தயம் ஆகும். விருதுநகர், தூத்துக்குடி, மதுரை, சிவகங்கை மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி இவை சாலைகளில் நடைபெறுகின்றன. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு எனப் பல பிரிவுகள் உண்டு. தூரம் இன்றும் மைல் கணக்கில் சொல்லப்படுகிறது. வண்டி ஓட்டுபவர் சாரதி எனப்படுகிறார். 2014-ஆம் ஆண்டு மே 7 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுடன் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தடை விதித்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தால் இவை மீண்டும் இடம்பெற்றன. 2023-ஆம் ஆண்டு மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை உறுதி செய்தது.

மோட்டார்ப் பந்தயத்துக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் நடத்தும் முறையில் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் ஊதியமில்லா விழாக் குழுவினரே வண்டிகளைப் பிரிவு வாரியாகப் பதிவு செய்கின்றனர், தொடக்கக் கோட்டைக் காக்கின்றனர், கூட்டத்தை விலக்குகின்றனர், முடிவில் வரிசையைச் சொல்கின்றனர். இரண்டிலும் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் தடத்துக்கு வெளியே அமைந்துள்ளது. மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் வைத்து வளர்ப்பதில் வீட்டுப் பெண்களின் பங்கு பெரிது. பரிசு அறிவிப்பில் மாட்டின் உரிமையாளரும் சாரதியுமே பெயர் பெறுகின்றனர்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பெருந்தொகையான பெண்கள் பணியாற்றுகின்றனர். தீ குறித்த எச்சரிக்கை இவர்களின் அன்றாட வாழ்க்கையின் பகுதி. பருத்தி ஆடை அணியவேண்டும் என்னும் அறிவுரை இத்தொழிலிலும் உண்டு. செயற்கை இழையில் நிலைமின்னூட்டம் உண்டாகிப் பொறி எழலாம் என்பது இங்கு முதன்மைக் காரணம். எனினும் இரு தீக்களும் ஒன்றல்ல. எரிபொருள் தீ காற்றிலுள்ள ஆக்சிசனைக் கொண்டு எரிவதால் அதனை மூடி அணைக்கலாம். பட்டாசுக் கலவையில் பொட்டாசியம் நைட்ரேட்டு போன்ற ஆக்சிசன் தரும் பொருள் கலந்தே இருப்பதால் மூடினாலும் அது எரியும். எனவே பந்தயத்தடத்தில் தீயணைப்பானுடன் நெருங்கிச் செல்வது கடமையாக இருக்க, பட்டாசு ஆலையில் உடனே விலகி ஓடுவதே முதற்கடமையாகும்.

இடர்கள்

தடப் பணி ஆபத்து நிறைந்தது. 1973-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் சான்ட்வூர்ட் தடத்தில் ரோஜர் வில்லியம்சன் கவிழ்ந்த காரில் சிக்கித் தீயில் இறந்தார். அங்கு நின்ற பணியாளர்களிடம் தீத்தடுப்பு ஆடையோ போதிய கருவிகளோ இல்லாததால் அவர்களால் நெருங்க இயலவில்லை. 1977-இல் தென்னாபிரிக்காவின் கயலாமி தடத்தில் தீயணைப்பானுடன் தடத்தைக் கடந்த 19 வயதுப் பணியாளர் கார் மோதி இறந்தார். அந்த ஓட்டுநர் டாம் பிரைசும் உயிரிழந்தார். 2000-இல் இத்தாலியின் மோன்சாவிலும், 2001-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேணிலும் கழன்று பறந்த சக்கரங்களால் தன்னார்வப் பணியாளர்கள் ஒவ்வொருவர் இறந்தனர். 2013-இல் கனடாவின் மொன்ட்ரியாலில் ஒரு பணியாளர் மீட்பு ஊர்தியில் அடிபட்டு இறந்தார்.

இவ்விறப்புகளைத் தொடர்ந்து சக்கரங்களைக் காருடன் பிணைக்கும் வடங்கள் வலுப்படுத்தப்பட்டன. பணியாளர் நிற்கும் இடங்களின் தடுப்புகளும் மீள அமைக்கப்பட்டன. மாற்றத்தின் பயன் 2020-ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று பகுரைனில் வெளிப்பட்டது. தடுப்பில் மோதித் தீப்பற்றிய காரிலிருந்து ரொமேன் குரோசான் அரை நிமிடத்துக்குள் வெளியேறினார். மருத்துவ ஊர்தியில் வந்த மருத்துவரும், தீயணைப்பானுடன் ஓடிவந்த தடப் பணியாளரும் அவருக்கு வழி உண்டாக்கினர்.

இருங்காட்டுக்கோட்டையிலும் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. 2023-ஆம் ஆண்டு சனவரி 8 அன்று தேசிய கார் பந்தயத் தொடரின் சலூன் கார் பிரிவில் மூத்த வீரர் கே. இ. குமார் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய நாள்களில் சிவப்புக் கொடி காட்டுவதும், ஓடிச் சென்று முதலில் உதவுவதும் தடப் பணியாளரின் கடமை. அதன்பின் நிகழ்ந்ததைக் கண்டவாறு எழுதிக் கையொப்பமிடும் கடமையும் உண்டு. இவ்வறிக்கைகள் விசாரணைக்கும் விதித் திருத்தத்துக்கும் அடிப்படையாகின்றன.

படிநிலையும் வாழ்நாள் பணியும்

ஓட்டுநரின் பந்தய வாழ்க்கை பெரும்பாலும் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். தன்னார்வலரின் வாழ்க்கைக்கு அத்தகைய வரையறை இல்லை. இளவயதில் பதிவு மேசையிலோ எண்ணும் மேடையிலோ தொடங்கும் ஒருவர், பின்னர் கொடி நிலைக்குச் சென்று, அனுபவம் பெற்று நிலைத் தலைவராகலாம். தொழில்நுட்ப அறிவு உடையவர் வண்டிச் சோதகராகலாம். ஓடவும் குனியவும் இயலாத வயதில் நேரம் குறிக்கும் அறைக்கோ தடக் கட்டுப்பாட்டு அறைக்கோ மாறலாம். போட்டியின் ஒட்டுமொத்த ஓட்டத்துக்குப் பொறுப்பான தட இயக்குநர், விதி மீறல்களை விசாரித்துத் தண்டனை விதிக்கும் நடுவர் ஆகிய பதவிகள் இப்படிநிலையின் மேல்நிலையில் உள்ளன.

மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றால் இடையில் சில ஆண்டுகள் விலகும் பெண்கள் மீண்டும் வேறொரு பணியில் சேர இவ்வமைப்பு இடமளிக்கிறது. பல நாடுகளில் தாயும் மகளும் ஒரே கொடி நிலையில் பணியாற்றுவதைக் காணலாம். ஒரு தடத்தின் எந்தத் திருப்பத்தில் மழைநீர் தேங்கும், எங்கே வண்டிகள் வழக்கமாக விலகும் என்னும் அறிவு ஏடுகளில் இருப்பதில்லை. நெடுங்காலம் நின்றவர்களிடமே இருக்கும். அத்தகைய ஒருவர் விலகும்போது கழகம் இழப்பது ஓர் ஆளை மட்டுமன்று.

அங்கீகாரமும் குறைபாடுகளும்

பெண் தன்னார்வலர்கள் எதிர்கொள்ளும் குறைபாடுகள் பல நாடுகளில் ஒத்தவை. ஒதுக்குப்புறமான கொடி நிலைகளுக்கு அருகில் கழிப்பறை இன்மை, ஆண்களின் அளவுக்கே தைக்கப்பட்ட தீத்தடுப்பு ஆடைகளும் கையுறைகளும், பெண்களைப் பதிவு மேசைக்கே ஒதுக்கும் வழக்கம் ஆகியன அவற்றுள் சில. பொருந்தாத கையுறையுடன் தீயணைப்பானை இயக்க இயலாது என்பதால் ஆடையின் அளவு இங்கு பாதுகாப்புச் சிக்கலாகும்.

விபத்தில் காயமுறும் தன்னார்வலருக்குக் காப்பீடு எவ்வளவு என்பது மற்றொரு கேள்வி. ஊதியம் பெறாதவர் தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்புக்குள் வராமல் போகலாம். எனவே சேரும்போதே கழகத்தின் காப்பீட்டு ஏற்பாட்டைக் கேட்டறிவது நல்லது என்று கருதப்படுகிறது.

மின்னணு நேரக்கணிப்பி வந்தபின் கையால் எண்ணும் பணி பெரிய தடங்களில் மறைந்துவிட்டது. அதனுடன், பெண்கள் இவ்விளையாட்டில் நுழைந்த பழைய வாயிலும் மூடப்பட்டது எனலாம். அதற்கு ஈடாகக் கொடி நிலையும் சோதனைக் கூடமும் கட்டுப்பாட்டு அறையும் அவர்களுக்குத் திறந்துள்ளன. பரிசு மேடையில் இவர்களின் பெயர் வாசிக்கப்படுவதில்லை. ஆயினும் பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர்கள் குளிர்விப்புச் சுற்றில் ஒவ்வொரு கொடி நிலையையும் கடக்கும்போது கையசைத்துச் செல்வதும், பணியாளர்கள் தம் கொடிகளை அசைத்து மறுமொழி கூறுவதும் பல தடங்களில் நிலவும் மரபாகும்.

இவற்றையும் பார்க்கவும்

• சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம்
• இருங்காட்டுக்கோட்டை
• சோழவரம்
• மாட்டுவண்டிப் பந்தயம்
• பார்முலா 1
• விருதுநகர் மாவட்டம்